நாற்பது நிமிட ரொட்டி

மாடிப்படியின் மூன்றாவது திருப்பத்திலேயே அவளுக்கு மூக்கில் ஏறிவிட்டது. அழுகின முட்டையையும் வெங்காயத்தையும் ஒரே சாக்கில் கட்டிவைத்தது போன்ற நாற்றம். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவள் அவள். பதினோரு வருடமாக ஊரார் வீட்டு வாசனைகளைச் சுமந்த மூக்குக்கு இது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது கேஸ். அதுவும் தங்கள் வீட்டுக் கேஸ்.

கதவு திறந்து கிடந்தது. அவளுக்கு ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்த கணவன் சமையலறை வாசலில் நின்று, எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"கையை எடுங்க!"

அவன் சுட்டுக்கொண்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டான். "நாத்தம் வெளிய போக வேணாமா?"

"சுவிட்சுல ஒரு பொறி வந்தா போதும், நாத்தத்தோட சேர்ந்து நாமளும் வெளிய போயிடுவோம். எதையும் தொடாதீங்க. மாமாவை எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். நாலு பர்னரும் கீழே ஓவனும் கொண்ட பெரிய கேஸ் அடுப்பு. முன்பக்கத்து பர்னரின் குமிழ் முழுதாகத் திறந்திருந்தது, தீ இல்லை. அதை மூடினாள், சுவரோரக் குழாயின் வால்வையும் மூடினாள். ஜன்னலைத் திறக்கப் போனால் அது நாலு பக்கமும் அகலமான டேப் ஒட்டி அடைக்கப்பட்டிருந்தது. பக்கத்துக் கட்டடத்தை இடிக்கிறார்கள், தூசி வருகிறது என்று கணவன் ஒட்டியது. நகத்தால் பிய்த்து, இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தாள்.

அடுப்புக்கு எதிரே ஸ்டூலில் அவளுடைய மாமனார் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மகன் தோளைத் தொட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசி ஸ்டாப்பா?" என்று கேட்டார்.

முப்பத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான். பெற்ற மகனே கோபம் வந்தால் "டிரைவர் எங்க?" என்றுதான் கேட்பான். மனைவி போன மறு வருடம், சும்மா உட்கார்ந்தால் கை துருப்பிடித்துவிடும் என்று ரொட்டி சுடக் கற்றுக்கொண்டார். ஒன்றுவிட்டு ஒரு நாள் மதியம் ஒரு ரொட்டி. ஓவன் கண்ணாடி முன் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, சாலையைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்று பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து காற்று வாங்கினார்கள். நாற்றம் அடங்கும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். கணவன் விரல் விட்டு எண்ணினான்.

"போன மாசம் குழாயைத் திறந்து விட்டுட்டு வந்துட்டாரு. போன வாரம் படியில நின்னுக்கிட்டு நம்ம வீடு எந்த மாடின்னு கீழ் வீட்டுக்காரங்ககிட்ட கேட்டிருக்காரு. இன்னிக்கு கேஸ். இன்னும் என்ன பாக்கி? முதியோர் இல்லத்துல ஒரு ரூம் காலி. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு போன் பண்ணுவாங்க. ஆமான்னு சொல்லிடப் போறேன்."

"அவரை வெச்சுக்கிட்டே பேசறீங்களே," என்றாள் அவள்.

"அவருக்குத் தெரியட்டும்."

டிரைவர் படியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அங்க அடுப்பு உண்டாடா?"

"சாப்பாடு அவங்களே போடுவாங்கப்பா."

"நான் சாப்பாட்டைக் கேக்கல."

டிரைவர் சண்டைக்கு நிற்கவில்லை. "அவன் சொல்றது சரிதாம்மா. தலைக்குள்ள ஏதோ கழண்டுடுச்சு," என்று அவளிடம் சொன்னார், பிரேக் பிடிக்கவில்லை என்று டிப்போவில் எழுதிக் கொடுப்பது போல. அதுதான் அவளுக்கு உறுத்தியது. பைத்தியம் பிடித்தவன் எவனும் தனக்குப் பிடித்திருக்கிறது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லி அவள் கேட்டதில்லை.

மாமனார் மேல் அவளுக்குப் பெரிய பாசம் என்றெல்லாம் சொல்லிவிட முடியாது. மூக்கைச் சிந்தும் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும், குளியலறையில் புகுந்தால் ஒரு மணி நேரம், கொஞ்ச நாளாகத் தலைவலிப் புராணம் வேறு. ஆனால் அந்த வீட்டில் அவள் சொல்லும் ஜோக்குக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான். அதைவிட முக்கியம், தப்பான ரீடிங்கை வைத்து ஒரு ஆளின் கணக்கை முடிப்பதை அவளால் ஜீரணிக்க முடியாது.

மறுநாள் காலை கணவன் அடுப்பின் ஐந்து குமிழ்களையும் பிடுங்கி, ஃபாயில் தாளில் சுற்றி, டிபன் பெட்டியில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். மாலையில் வந்து மாட்டுவான், அவள் சமைப்பாள், காலையில் மறுபடி கழற்றுவான். ஜன்னலுக்கும் புதிதாக டேப் ஒட்டிவிட்டுத்தான் போனான்.

அன்று செவ்வாய்க்கிழமை அவளுடைய ரீடிங் தெரு பூங்காவை ஒட்டியது. பதினோரு மணிக்கு வேலியோரம் நடந்தபோது டிரைவரின் குரல் கேட்டது. சீட்டாடிக்கொண்டிருந்தார். "ரெண்டாவது சுத்துல எட்டு போட்ட, நாலாவதுல ராணி போட்ட, இப்ப உன் கையில இருக்கிறது ஜாக்கு மட்டும்தான். கீழ வைடா திருட்டுப் பயலே!" எதிரே இருந்த முடிதிருத்துபவர் முகம் செத்து, ஜாக்கைக் கீழே வைத்தார்.

அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நாலு பேர் போட்ட சீட்டை வரிசையாக நினைவு வைத்திருக்கிற தலைக்கா தன் வீடு எந்த மாடி என்று தெரியவில்லை? ஒரே மீட்டர் வாசலில் ஒரு எண்ணும் கொல்லையில் வேறு எண்ணும் காட்டுமா?

ரீடிங் எக்குத்தப்பாக இருந்தால் மீட்டரைத் திட்டாதே என்பது அவள் தொழிலின் பாலபாடம். மீட்டர் கெடுவது அபூர்வம். போன ரீடிங்குக்கும் இந்த ரீடிங்குக்கும் நடுவில் அந்த வீட்டில் என்ன மாறியது என்று கேள். புதுக் குழாய் போட்டிருப்பார்கள், தரைக்குக் கீழே எங்கேயோ கசியும், விருந்தாளி வந்து ஒரு மாதமாகக் குளித்துக்கொண்டிருப்பார். ஏதோ ஒன்று மாறியிருக்கும். வீட்டுக்காரர்கள் சத்தியம் பண்ணுவார்கள், ஒன்றுமே மாறவில்லை என்று. அவள் பார்த்த வரையில் பொய்யும் சொல்லமாட்டார்கள். தாங்களே செய்த மாற்றம் யார் கண்ணுக்கும் மாற்றமாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் டிரைவர் அவளை மடக்கினார். அவர் வாயில் அவள் மீட்டர்தான். "மீட்டரு, பேப்பர்ல போட்டிருக்கான் பாரு, எட்டாம் நம்பர் வண்டி சந்தை வழியா போகுமாம். அந்த வழியில பாலம் எவ்வளவு உயரம்னு தெரியுமா இவனுங்களுக்கு? கூரை உரசும்!" பாலத்தின் உயரத்தை அங்குலக் கணக்கில் சொன்னார்.

அவள் பையைக்கூட இறக்கவில்லை. "மாமா, இன்னிக்குத் தலைவலி உண்டா?"

அவர் யோசித்தார். "இல்லையே."

"நேத்து?"

"நேத்தும் இல்ல. ஏன், உனக்கு ஆசையா இருக்கா?"

இரண்டு நாளாக ரொட்டி இல்லை. இரண்டு நாளாகத் தலைவலியும் இல்லை. அவளுக்கே லீவு நாட்களில், அவர் ரொட்டி சுடும் மதியங்களில், நெற்றியில் கயிறு கட்டி இறுக்கினது போல இருந்தது இப்போது ஞாபகம் வந்தது. வெயில் என்று நினைத்திருந்தாள்.

குளிர்பதனப் பெட்டியின் பக்கத்தில் மாத நாட்காட்டி தொங்கியது. அதில் ஒன்றுவிட்டு ஒரு கட்டத்தில் டிரைவரின் பொடி எழுத்து இருந்தது. டிப்போ பழக்கம்: புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம். ரொட்டி உள்ளே போனது, ரொட்டி வெளியே வந்தது. எத்தனையோ மாதமாக அங்கேயேதான் தொங்குகிறது. ஊரார் மீட்டரையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தவள் சொந்தச் சுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். 2.10, 2.50. 2.05, 2.45. 2.10, 2.51. மாதக்கணக்கில் நாற்பது நிமிடம், மிஞ்சினால் நாற்பத்தொன்று. இரண்டு மாதத்துக்கு முன் பத்தாம் தேதி, சனிக்கிழமை: 2.10, 2.50. அடுத்தது பன்னிரண்டாம் தேதி: 2.10, 3.18. அதற்குப் பிறகு எழுபது, எழுபத்திரண்டு, ஒரு நாள் எண்பது. நாற்பது திரும்பி வரவே இல்லை.

"மாமா, இங்க என்ன ஆச்சு?"

அவர் கட்டத்தைப் பார்த்தார். இவ்வளவு நேரம் இருந்த உற்சாகம் இறங்கிவிட்டது. "கை மறந்துடுச்சு. அதே மாவு, அதே சூடு. அடி வேகவே மாட்டேங்குது. நானும் முன்னாடியே உக்காந்து பார்த்துக்கிட்டு இருப்பேன், நேரம் ஆக ஆகத் தலை பாரமாயிடும். எப்ப எடுத்தேன், எப்ப வெச்சேன்னே புரியாது. முதல்ல ரொட்டி மறந்துச்சு, அப்புறம் குழாய் மறந்துச்சு. அப்படித்தானே ஆரம்பிக்கும்?"

அவர் ரொட்டியை வைத்துத் தன் மூளைக்குச் சான்றிதழ் எழுதிவிட்டார். அவள் கேட்டது வேறு. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் என்ன?

கணவன் வந்து குமிழ்களை மாட்டிக்கொண்டிருந்தபோது அதையே கேட்டாள்.

"அந்த வாரமா? குளியலறைக் குழாய்க்கு வாஷர் போட்டேன். இடிக்க ஆரம்பிச்சாங்க, ஜன்னலுக்கு டேப் ஒட்டினேன். ஹால்ல திரை மாத்தினோம்."

"அடுப்புல?"

"அடுப்புல ஒண்ணும் மாத்தல."

"ஒண்ணுமேவா?"

"ஞாயித்துக்கிழமை சுத்தம் பண்ணேன். அது மாத்தறதா?"

அவள் குனிந்து ஓவன் கதவைத் திறந்தாள். உள்ளே தரை பளபளத்தது. மூலைக்கு மூலை, சுருக்கம் இல்லாமல், கரண்டியின் முதுகால் தேய்த்து ஒட்டிய ஃபாயில். இரண்டு அடுக்கு. நட்சத்திர ஓட்டல் படுக்கை தோற்றது.

"இது என்ன?"

"அது ஃபாயிலுடி," என்றான், அது காற்று என்று சொல்வது போல.

அவன் ஃபாயில் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தான். சுருள் முடிவில் மிஞ்சும் துண்டுகளை வேலையாட்கள் எடுத்துப் போகலாம். அதனால் அந்த வீட்டில் அலமாரித் தட்டு, இழுப்பறை, பூந்தொட்டி, டிவி ரிமோட் எல்லாம் வெள்ளி வேஷம் போட்டிருந்தன. ஃபாயில் போட்டதை ஒரு செயலாக அவன் எண்ணுவதே இல்லை. மூச்சு விட்டதை யார் கணக்கு வைக்கிறார்கள்?

"இதுக்குக் கீழ நீளநீளமா ஓட்டை இருந்துச்சே?"

"அதுக்குள்ளதான் அப்பாவோட மாவும் பாலும் வழிஞ்சு கருகுச்சு. வீடு பூரா புகை. அதான் அடைச்சேன். இப்ப ஒரு சொட்டு கீழ போகாது."

"சரி, மேல வர்றது?"

"மேல என்ன வரும்?"

அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் ஓட்டையை வேலையில்லாமல் எவனும் போடமாட்டான் என்பது தெரியும்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கேஸ் மெக்கானிக்கை வரவழைத்தாள். கனத்த ஆள். தும்மிக்கொண்டே படியேறினான்.

"மூக்கு அடைச்சிருக்கு போல. கேஸ் நாத்தம் எப்படித் தெரியும் உனக்கு?" என்றார் டிரைவர்.

"அதுக்கு இது இருக்கு பெருசு," என்று கைக்கடக்கமான ஒரு கருவியைக் காட்டினான். அதில் சின்னதாக எண் ஓடியது. தனக்குப் படிக்கத் தெரியாத ஒரு மீட்டரைப் பார்த்ததும் அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது.

குமிழ்கள் கணவனின் டிபன் பெட்டியில் போய்விட்டன என்று கேட்டு மெக்கானிக் ஒரு பாட்டம் சிரித்தான். இடுக்கியால் தண்டைத் திருகி ஓவனைப் பற்றவைத்தான். மற்ற இருவரையும் ஹாலுக்குத் துரத்தி, அங்கிருந்த ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொன்னான். பத்து நிமிடம் கழித்து, தானும் வெளியே நின்றுகொண்டு, சமையலறைக் கதவு வழியாகக் கையை மட்டும் உள்ளே நீட்டினான். கருவி கத்தத் தொடங்கியது.

"நூத்தி எண்பது!" ஓடிப்போய்த் தீயை அணைத்து, டேப்பைக் கிழித்து ஜன்னலைத் திறந்தான். ஓவன் கதவைத் திறந்து டார்ச் அடித்தவன் தும்மலை மறந்தான். "யாருங்க இங்க மெத்தை விரிச்சது?"

"என் பையன்," என்றார் டிரைவர். "என்ன அது நூத்தி எண்பது? ஸ்பீடா?"

"விஷம், பெருசு. தீ எரியக் காத்து வேணும். அடியில பர்னர் இருக்கு, சூடும் காத்தும் இந்த ஓட்டை வழியாத்தான் சுத்தி வரணும். அதை அடைச்சுட்டா தீ அரைகுறையா எரியும். அரைகுறையா எரிஞ்சா கார்பன் மோனாக்சைடுன்னு ஒண்ணு வரும். அதுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது."

"கேஸ்தான் நாறுதே?" என்றாள் அவள்.

"கேஸுல நாத்தத்தை நாமளே கலக்கறோம் அக்கா, கசிஞ்சா தெரியணும்னு. அது மணி கட்டின மாடு. இது மணி கட்டாத திருடன். ரத்தத்துல பூந்து உக்காந்துக்கும். தலை வலிக்கும், தூக்கம் வரும், புத்தி மழுங்கும். ஜன்னலையும் ஒட்டி வெச்சிருக்கீங்க. மூணு பேரும் எழுந்து நடமாடறதே பெரிய விஷயம்."

சூடு ஆறியதும் ஃபாயிலை உரித்தான். மறுபடி பற்றவைத்து, ஜன்னலைத் திறந்த வாக்கில் பார்க்கப் போனான். அவள் தடுத்தாள்.

"ஜன்னலை மூடிட்டுப் பாருங்க."

"எதுக்கு அக்கா? நல்ல காத்து வருதே."

"ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்திட்டா குத்தம் எது மேலன்னு எப்படித் தெரியும்?"

மெக்கானிக் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "நம்ம ஆபீஸுக்கு வந்துடுங்க அக்கா." ஜன்னலை மூடினான். அதே பத்து நிமிடம். பதினெட்டு. பிறகு ஜன்னலைத் திறந்து வைத்தான். நாலு.

அவள் தன் ரீடிங் நோட்டில் மூன்று எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டாள். கோடு போட்டுக் கழித்தும் பார்த்தாள். வேலைப் பழக்கம்.

போகும்போது மெக்கானிக் படியிறங்கிக்கொண்டே பாடம் நடத்தினான். தீ நீலமா இருக்கணும், மஞ்சளா ஆடினா அணைச்சுட்டுக் கூப்பிடுங்க. அடுப்பு எரியும்போது ஜன்னல் கொஞ்சமாவது திறந்திருக்கணும். இதே மாதிரி கத்தற சின்ன அலாரம் ஒண்ணு விக்குது, மாட்டுங்க. அப்புறம் பெருசை ஆஸ்பத்திரியில காட்டுங்க, சும்மா விடாதீங்க.

மாலையில் காட்டினார்கள். டாக்டர் பொய்யான நம்பிக்கை எதுவும் தரவில்லை. தலைவலியும் குழப்பமும் அந்த வாயுவால் வந்திருக்கலாம், கடைசியாகச் சுவாசித்து மூன்று நாள் ஆனதால் ரத்தத்தில் இனித் தடயம் இருக்காது, வயதின் பங்கு எவ்வளவு என்று ஒரு மாதம் நல்ல காற்றில் இருந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்.

கணவன் வந்தபோது ஃபாயில் மேஜை மேல் கசங்கிக் கிடந்தது, பக்கத்தில் ரீடிங் நோட்டு. அவள் சுருக்கமாகச் சொன்னாள். அவன் எண்களைப் படித்தான், மறுபடி படித்தான்.

"சுத்தமா இருக்கட்டும்னுதானே போட்டேன்."

யாரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று விடக்கூடிய விஷயம் இல்லை அது.

"கேஸைத் திறந்து விட்டது?" என்றான். "அதுவும் என் தலையிலதானா?"

"திங்கக்கிழமை ஓவன் முன்னாடி ஒண்ணேகால் மணி நேரம் உக்காந்திருக்காரு. ரொட்டியை எடுத்துட்டு டீ போடப் போயிருக்காரு. அடுப்புக் குமிழைத் திருப்பினவருக்குப் பத்தவைக்கணும்னு தோணல. சீட்டாட்டத்துல மூணு பேர் கையை வாசிக்கிற ஆளுக்கு ஏன் தோணல?"

"நான் வாசிச்சதைப் பார்த்தியா நீ?" என்றார் டிரைவர் ஆவலாக.

"அந்த முடிதிருத்தறவர் மூஞ்சி செத்துப் போச்சு மாமா."

டிரைவர் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஜன்னலில் மிச்சமிருந்த டேப்பைச் சுரண்ட ஆரம்பித்தான். தூசி வந்தது. தும்மினான், ஆனால் மூடவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் வேலைக்குத் தாமதமாகப் போவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தான். பத்து அடித்து மூன்று நிமிடத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான். ஒரு பெண் குரல், ரூமுக்கு வேறு இருவர் காத்திருப்பதாகவும் இப்போதே சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. அவன் போனை அப்பாவிடம் நீட்டினான்.

டிரைவர் தொண்டையைக் கனைத்தார். "ரூமுல ஜன்னல் உண்டாம்மா?"

"ரெண்டு இருக்குங்க ஐயா. நல்ல வெளிச்சம்."

"அடுப்பு?"

"அடுப்பெல்லாம் அனுமதி இல்லைங்க."

"அப்ப அந்த ரெண்டு பேருல ஒருத்தருக்குக் குடுத்துடுங்க. நான் ஒரு மாசம் பார்த்துட்டு, நிஜமாவே கழண்டிருந்தா நானே கூப்பிடறேன்."

மகன் டிபன் பெட்டியைத் திறந்து ஃபாயில் பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தான். டிரைவர் பிரித்து ஐந்து குமிழ்களையும் எண்ணினார். "பொட்டலம் மட்டும் நல்லாத்தான் கட்டற," என்றார். அவன் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

அவளும் வேலைக்குப் போய்விட்டாள். ஆனால் அன்று பார்த்த மீட்டர் எதிலும் மனம் நிற்கவில்லை, இரண்டு வீடுகளில் எண்ணை மாற்றி எழுதி அடித்துத் திருத்தினாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாட்காட்டிக்குப் போனாள். ஜன்னல் திறந்திருந்தது, மேஜையில் மெல்லிய தூசி. அன்றைய கட்டத்தில் மேல் வரியில் புதிதாக மூன்று சொற்கள் இருந்தன: ஜன்னல், குமிழ், நீலம். வண்டியை எடுக்குமுன் டயர், பிரேக், விளக்கு என்று எழுதுவார்களே, அது போல. கீழ் வரியில்: 2.10, 2.52.

"ரெண்டு நிமிஷம் லேட்டு மாமா."

டிரைவர் ரொட்டியைக் கவிழ்த்து அடியை அவளுக்குக் காட்டினார். நன்றாகச் சிவந்திருந்தது.

"டிராஃபிக்கும்மா," என்றார்.